நீல விளக்குக்குக் குறுக்கே நிற்காதே

ராசா,

நேற்று நீ தொலைபேசியில் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை என்னை இருக்கவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. மருமகளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டாக்டர் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம், "பேபிக்கு குனிங், அந்த மஞ்சக்காமாலை வந்தா லைட்ல போட விடமாட்டேன்மா. அப்பா சொல்லியிருக்காருல்ல, வெள்ளை அணுவெல்லாம் கெட்டுப்போயிடும்னு. காலையில வெயில்ல காட்டிக்கலாம் லா" என்றாய். நான் "ம்" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடாதே. பயத்தில் வந்த "ம்" அது. நீ இருக்கிற ஜோகூருக்கு மறுபடி போன் போட்டுச் சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எப்போதும் பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கொள்கிறேன். பேரிக் கப்பலில் நீ கம்பிப் பக்கம் போனால் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். நீ முதன்முதலில் மோட்டார் சைக்கிளில் செபராங் ஜெயாவுக்கு வேலைக்குப் போன அன்று, நீ திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. "எங்கம்மாவுக்குப் பயப்படறதுதான் ஃபுல் டைம் வேலை" என்று உன் கூட்டாளிகளிடம் கேலி பண்ணியதும் எனக்குத் தெரியும். ஆனால் இது அந்த ரகப் பயம் இல்லை. மருமகள் ஓ குரூப் என்று நீதான் சொன்னாய். நீ பி. நானும் ஓ, உன் அப்பாவும் பி. பிள்ளை அப்பனுடைய ரத்த வகையைக் கொண்டு பிறந்தால், தாயின் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு பிள்ளைக்குள் போய் அதன் சிவப்பு அணுக்களை உடைக்கப் பார்க்கும். உடைகிற அணுவிலிருந்துதான் மஞ்சள் கிளம்புகிறது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை, வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும் என்கிறார்கள். உனக்கு அப்படி லேசாக வரவில்லை.

நீ பிறந்த மறுநாளே உன் முகம் மஞ்சளாகிவிட்டது. எனக்கு அது புரியவில்லை. பார்க்க வந்தவர்கள், "தங்கம் மாதிரி இருக்கான்" என்றார்கள், நானும் பிள்ளை நல்ல நிறம் என்று பூரித்துப்போய் இருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மத்தியானம் மிஸி ராஜம்மா வந்தார். தாதியை அப்போது நாங்கள் எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். உன்னை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய், மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். "அக்கா, இது கலர் இல்ல, குனிங். நல்லா ஏறியிருக்கு. லைட்ல போடணும்" என்றார். மஞ்சள் காமாலையை நம் வீட்டில் செங்கமாரி என்போமே, அது பெரியவர்களுக்கு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறந்து கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத பிள்ளைக்குச் செங்கமாரியா என்று பதறிப்போனேன். உன்னை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நடை கோடியில் கண்ணாடி போட்ட ஒரு அறை. உள்ளே ஒரு தொட்டிலுக்கு மேலே நீல நிறக் குழல் விளக்குகள். உன் கண்ணைத் துணியால் கட்டி, இடுப்பில் ஒரு துண்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் அதற்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். நான் சக்கர நாற்காலியில் போய் முதல் தடவை பார்த்தபோது, அந்த வெளிச்சத்தில் நீ உயிர் இல்லாத பிள்ளை மாதிரித் தெரிந்தாய். அப்புறம் உன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உன் அப்பா அந்த ஆஸ்பத்திரியில்தான் ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் அந்தக் கண்ணாடி அறைக்குள் அவரைக் கேட்பார் இல்லை, எப்போது வேண்டுமானாலும் போவார், வருவார். எனக்கு அது பெரிய தைரியம். ஆனால் அவருக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு சஞ்சிகையில் படித்திருக்கிறார், கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்த அணுக்கள் மேல் அப்படிப்பட்ட வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கிற நுண்ணிய இழைகள் சேதப்படலாம், நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களுக்கும் அது நேரலாம் என்று. என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "தோலுக்கு அடியிலேயே ரத்தம் ஓடுது. அந்த லைட்டு மஞ்சளை மட்டும் பார்த்துப் பார்த்தா அடிக்கும்? நாளைக்கு ஒரு சளி வந்தாக்கூட இவன் தாங்குவானா?" என்று கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன். "டாக்டர் சொன்னா சரியாத்தானே இருக்கும்" என்றேன். "டாக்டர் எங்க மைக்ராஸ்கோப்ல பார்க்கிறாரு, நான்தானே பார்க்கிறேன்" என்றார். அந்த அறிவுதான் அவரைப் பிடித்து ஆட்டியது.

உன் குதிகாலில் குத்தி எடுக்கிற ரத்தம் அவர் மேசைக்குத்தான் வரும். மஞ்சள் அளவைப் பார்த்து வார்டுக்குச் சொல்வது அவர் வேலை. அதோடு அவர் நிறுத்தவில்லை. மிச்சம் இருக்கிற ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து, யாரும் கேட்காமலே, உன் வெள்ளை அணுக்களை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எண்ணிவிட்டு ஓடி வருவார். "வெள்ளை அணு நல்லா இருக்கு, நீ பயப்படாதே" என்பார். மஞ்சள் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று எழுந்து போய்விடுவார்.

அடுத்த நாள் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தையல் இழுக்க இழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உன் அப்பா உள்ளே இருந்தார். கோட்டுப் பையிலிருந்து பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டை எடுத்தார். பிள்ளையைச் சுற்றுவதற்கென்று நான் துவைத்து மடித்து வைத்திருந்தேனே, அதில் ஒன்று. அதை உதறி, கழுத்திலிருந்து கால் வரைக்கும் உன்னைப் போர்த்தினார். போர்த்திவிட்டு வாசலைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். எனக்கு அதைப் பார்த்து மனசு குளிர்ந்துபோனது ராசா. பிள்ளைக்குக் குளிரும் என்று மூடுகிறார், கொஞ்ச நேரம் வெளிச்சம் கொஞ்ச நேரம் போர்வை என்பதுதான் இந்த வைத்தியம் போலிருக்கிறது, லேப்காரருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் டாக்டர் வந்தார், கூடவே மிஸி ராஜம்மாவும் உன் அப்பாவும். டாக்டர் சீனர், நிதானமாக மலாயில் பேசினார். விளக்கில் போட்டும் மஞ்சள் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது, ஏன் என்று புரியவில்லை, மாலைக்குள் நிற்காவிட்டால் பிள்ளையின் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார். தொப்புள் வழியாகக் குழாய் விட்டு, உன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வேறு யாருடைய ரத்தத்தையோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்களாம். அதிலும் ஆபத்து உண்டு, செய்யாமல் விட்டால் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடும், அது அதைவிட ஆபத்து என்றார். உன் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. டாக்டர் போன பிறகு நான் மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மிஸி, ரத்தமெல்லாம் மாத்த வேணாம். இவரு பிள்ளைய அப்பப்ப துணி போட்டு மூடி வைக்கிறாரே, அதை இன்னும் கொஞ்ச நேரம் கூட்டி மூடினா இறங்காதா?" என்று கேட்டேன்.

"என்ன துணி?" என்றார் மிஸி.

உன் அப்பா என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்மேல் கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதில்லை. ஆனால் அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மிஸி அவர் பக்கம் திரும்பி, "அண்ணே! மூடுனீங்களா? வெளிச்சம் தோல்ல பட்டாத்தானே அண்ணே மஞ்சள் கரையும்? போர்த்தி வச்சா லைட்டு எதுக்கு? ரீடிங் எடுக்கிறதே நீங்கதானே, ஏறுறது தெரியலையா?" என்று கத்தினார். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "தெரிஞ்சுது மிஸி. வெள்ளை அணு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மிஸி டாக்டரைத் தேடி ஓடினார்.

அதற்கப்புறம் உன் அப்பாவை அந்த அறைக்குள் விடவில்லை. உன் ரத்தத்தைப் பார்க்கிற வேலையையும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து பக்கவாட்டில் வைத்தார்கள். ரத்தம் மாற்றுவதற்கும் எல்லாம் தயாராகத்தான் இருந்தது, எங்களைக் கேட்டு ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மாலை வரைக்கும் நான் தண்ணீர்மலை முருகனைக் கூப்பிட்ட கூப்பாடு அவனுக்கே அலுத்துப்போயிருக்கும். உன் அப்பா என் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மிஸி வந்து, "நின்னுடுச்சு அக்கா, இப்போ ஏறல. வெளிக்கும் பச்சைப் பச்சையா போறான், நல்லது, மஞ்சள் வெளியாகுது" என்றார். பிள்ளை பச்சையாய்ப் போனதைக் கேட்டு அழுத தாய் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் அளவு இறங்க ஆரம்பித்தது, ரத்தம் மாற்றத் தேவையில்லாமல் போனது, நீ வீட்டுக்கு வந்தாய்.

ஆனால் உன் அப்பா அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. உனக்குச் சளி பிடித்தால், தொண்டை வீங்கினால், "சின்னதுல லைட்ல போட்டாங்க, அதான் வெள்ளை அணு வீக்" என்று மட்டும் சொல்வார். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை அவர், அதை நம்பினார். நானும் நம்பினேன். உனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். தைப்பூசக் கூட்டத்துக்குள் உன்னை விடமாட்டேன், பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனால் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் உனக்கு வந்த அளவுக்குத்தான் சளி வந்தது, அதை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. இப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நீ. வெளிச்சம் பட்டதைச் சொன்னோம், துணி போட்டதைச் சொல்லவில்லை. பாதிக் கதையை வைத்துக்கொண்டு நீ உன் பிள்ளைக்கு முடிவெடுக்கிறாய் என்றதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வெயிலில் காட்டலாம் என்றாயே. கெப்பாலா பத்தாஸில் என் சின்னம்மா மகள் பத்மா, அவள் மகளை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள், "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாய். அவளுக்கும் பிறந்ததும் மஞ்சள்தான். வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள், எல்லாருக்கும் வருவது, காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பத்மாவும் தினம் வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை ஓயாமல் தூங்கியது, சமர்த்து என்றார்கள். பால் குடிக்க எழுப்பினால் எழும்பவில்லை. அப்புறம் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சென்று அழுத பிறகுதான் காரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இன்றைக்கு அவளுக்குக் காது கேட்காது, கையும் கழுத்தும் அவள் சொன்னபடி கேட்காமல் முறுக்கிக்கொண்டு போகும். அறிவு மட்டும் நன்றாக இருக்கிறது, நம்மைப் பார்த்தால் சிரிக்கிறாள், பத்மா அழுதால் அவளும் அழுகிறாள். நான் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் உன் அப்பாவின் வேட்டித் துண்டு என் கண் முன்னால் வரும். அன்றைக்கு மிஸியிடம் அந்தத் துணிக் கேள்வியைக் கேட்காமல் நான் படுத்திருந்தால் என்று நினைப்பேன், அதற்கு மேல் நினைக்க முடியாது.

உனக்கு வெள்ளை அணுதானே கவலை. எனக்கும் அதே கவலைதான், அதனால் போன வருடம் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் நேரிலேயே கேட்டேன். சின்ன வயசுப் பெண், நம் ஆள். "வெளிச்சம் பட்டா செல்லுல சின்னச் சின்ன மாற்றம் வரலாம் ஆன்ட்டி, வராதுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். இன்னும் அதை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதனாலதான் தேவையில்லாம போடறதில்ல, போட்டாலும் தேவைக்கு மேல வைக்கிறதில்ல. ஆனா மஞ்சள் மூளைக்குப் போயிட்டா, அதைத் திருப்பி எடுக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். ஒன்றுமே ஆகாது ஆன்ட்டி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனவள் நான், அந்தப் பெண் மேல் கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் எனக்குப் பொய் சொல்லாதவள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பக்கம் ஒருவேளை என்கிறாள், இன்னொரு பக்கம் நிச்சயம் என்கிறாள். நீ படித்தவன், உனக்குத் தெரியாததா?

இதை எழுதப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தெரியாமல் காட்டிக்கொடுத்தேன், இன்றைக்குத் தெரிந்தே காட்டிக்கொடுக்கிறேன், கோபப்படுவதானால் படுங்கள் என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "எழுது. நான் பயந்துட்டேன்னு எழுது. மஞ்சள் ஏறுறது தெரிஞ்சும் மூடினேன்னு எழுது. அவன் என்னை என்ன நினைச்சாலும் பரவாயில்ல, பிள்ளைய லைட்ல போடச் சொல்லு" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோனது. அவர் அழுது நான் பார்த்தது அந்த வார்டில் ஒரு தடவை, இன்று ஒரு தடவை. நீ அவரை ஒன்றும் கேட்டுவிடாதே ராசா, போன் பண்ணினால் எப்போதும் போலப் பேசு.

பிரசவத்துக்குப் போனதுமே ரத்த வகை இரண்டையும் டாக்டரிடம் சொல்லிவிடு, நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றும் சொல். பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார், உடை அவிழ்த்துப் பார், மஞ்சள் முகத்தோடு நிற்கிறதா, வயிறு கால் என்று இறங்குகிறதா என்று பார். பால் குடிக்காமல் தூங்கினால் சமர்த்து என்று கொஞ்சிக்கொண்டு நிற்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. விளக்கில் போட வேண்டும் என்றால் போடட்டும், பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார். அவள் என்னைப்போல் விவரம் தெரியாதவள் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் துணை வேண்டும். நானும் உன் அப்பாவும் முன்கூட்டியே பஸ் ஏறி வந்துவிடுகிறோம்.

பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, யோக்கியதையும் இல்லை. விளக்கிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்த பிறகு, அந்தப் பிள்ளையின் வெள்ளை அணுக்களை நினைத்து உன் ஆயுசு முழுக்கப் பயப்படு. தும்மினால் பயப்படு, இருமினால் பயப்படு, மழையில் நனைந்து வந்தால் பயப்படு. நான் உன்னை அப்படித்தான் வளர்த்தேன், பயந்து பயந்து, நீயும் ஆறடி வளர்ந்து என்னையே கேலி பண்ணுகிறாய். என்னால் முடிகிற வரைக்கும் உன்னோடு சேர்ந்து நானும் பயப்படுகிறேன். அப்படிப் பயப்பட எனக்கு ஒரு பேரப்பிள்ளையைக் கொடு.

அம்மா